இரும்புப் படகுக்குக் காந்தக் காம்பஸா, கைரோவா?

"மாமா, உடைக்க வந்த கப்பல்ல கழட்டுன கைரோ ஒண்ணு கெடக்குதாம். புதுசு விலைல கால்வாசிதான் சொல்றான். எடுத்துரவா?"

தடைக்காலம் தொடங்கிய மறுவாரம் அக்கா மகன் போன் போட்டுக் கேட்டது இது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு சும்மா கிடக்கும். வரவு இருக்காது, செலவுக்கு மட்டும் யோசனை யோசனையாக வரும். இழுவைமடியை விட்டுவிட்டு ஆழ்கடல் சூரைக்குப் போவதற்காக எழுபதடி இரும்புப் படகு ஒன்றைப் பங்குக்கு வாங்கி மூக்கையூரில் கட்டியிருக்கிறான். அதில் ஏற்கெனவே ஒரு காந்தக் காம்பஸ் இருக்கிறது. "அது பொய் சொல்லுது மாமா" என்பது அவன் புகார். காந்தம் இல்லாமல், சுழலும் சக்கரத்தை வைத்துத் திசை காட்டும் கைரோ பொய் சொல்லாது என்று யாரோ அவன் காதில் போட்டிருக்கிறார்கள்.

நான் கீழக்கரைக்காரன். இருபத்தாறு வருஷம் சரக்குக் கப்பலில் வேலை, அதில் பாதிக்கு மேல் சுக்கான் பிடித்தே போயிற்று. இரண்டு காம்பஸையும் பார்த்து ஓட்டியிருக்கிறேன், இரண்டிடமும் ஏமாந்தும் இருக்கிறேன். அவனுக்குச் சொன்ன பதில் இதே கேள்வியோடு நிற்கிற மற்றவர்களுக்கும் உதவட்டும்.

முதலில் அந்தப் "பொய்" என்ன என்று பார்ப்போம். காந்தக் காம்பஸில் சாராயமோ எண்ணெயோ கலந்த திரவத்தில் ஒரு தட்டு மிதக்கிறது. தட்டுக்கு அடியில் காந்தம். அது பூமியின் காந்த வடக்கைப் பார்த்து நிற்கும், படகுதான் அதைச் சுற்றித் திரும்பும். இதில் தவறு வர இரண்டு வழி உண்டு. காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றல்ல என்பது ஒன்று. நம் கரையில் அந்த வித்தியாசம் மேற்குப் பக்கமாக ஏறக்குறைய 2 டிகிரிதான். உலகத்தில் 20 டிகிரிக்கு மேல் விலகும் கடல்களும் இருக்கின்றன, அந்த வகையில் நாம் கொடுத்து வைத்தவர்கள். கடல் வரைபடத்தில் அச்சடித்த திசை வட்டத்துக்குள் அந்தந்த இடத்தின் கணக்கும், வருஷத்துக்கு எவ்வளவு மாறுகிறது என்பதும் எழுதியிருக்கும்.

இன்னொன்று படகின் சொந்த இரும்பு. இதுதான் ஆளை முழுங்குகிற தவறு. எஞ்சின், வின்ச், இரும்புச் சுவர், ஒயர் எல்லாமே ஊசியைத் தன் பக்கம் இழுக்கும். அணியம், அதாவது படகின் முன்பக்கம், எந்தத் திசையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து இந்த இழுப்பும் மாறும். வடக்கே போகும்போது 3 டிகிரி கிழக்கே தள்ளியது, தென்மேற்கே திரும்பினால் 10 டிகிரி மேற்கே தள்ளலாம். அதனால்தான் "பொய் சொல்லுது" என்று தோன்றுகிறது. எப்போதும் ஒரே அளவு தவறினால் யாரும் கோபப்படமாட்டார்கள், கழித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

எவ்வளவு தவறினால் ஆபத்து? ஒரு டிகிரி பிசகினால் 60 கடல் மைலுக்கு ஒரு கடல் மைல் விலகும். 5 டிகிரி என்றால் 12 கடல் மைலிலேயே ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். வடகடலான பாக் நீரிணையில் 1974ஆம் வருஷத்து ஒப்பந்தமும், தென்கடலான மன்னார் வளைகுடாவில் 1976ஆம் வருஷத்து ஒப்பந்தமும் போட்ட இந்திய-இலங்கை எல்லைக் கோடு தண்ணீரில் தெரியாது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே மொத்தமே 30 கிலோமீட்டர் சுமார்தான். ஒரு கடல் மைல் இங்கே என்ன விலை என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

மூக்கையூர் போய் அவன் கேபினுக்குள் ஏறினேன். காம்பஸுக்கு நேர் மேலே, ஒரு சாண் உயரத்தில், பெரிய ஸ்பீக்கர் ஒன்று. பக்கத்துப் பலகையில் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. மீன் அறுக்கும் கத்தி ஒன்று காம்பஸ் பெட்டிக்குப் பின்னால் சொருகியிருந்தது, அதுதான் அதன் "எடம்" என்றார் படகை ஓட்டும் ஸ்ராங்கு. நான் எதுவும் சொல்லவில்லை. அவனைத் தட்டைப் பார்க்கச் சொல்லிவிட்டு ஸ்பீக்கரின் திருகைக் கழட்டி மெதுவாகக் கீழே இறக்கினேன். கட்டிக் கிடக்கிற படகில் தட்டு 15 டிகிரி திரும்பி நின்றது. போனை எடுத்தேன், இன்னும் 2 டிகிரி. கத்தியை உருவியதும் கொஞ்சம் நகர்ந்தது. "அட, இதுவா மாமா!" என்றான். ஸ்பீக்கருக்குள் இருப்பது நல்ல காந்தம். ஊசிக்குப் பூமியைவிட அது பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் சங்கதி.

ஆக, அந்தக் காம்பஸ் பொய் சொல்லவில்லை. கேட்டதைத்தான் சொன்னது.

இனி கைரோ. இதற்குக் காந்தத்தோடு எந்த உறவும் இல்லை. சுழல்கிற பம்பரத்தைத் தட்டிப் பாருங்கள்: தட்டிய பக்கம் சாயாது, குறுக்கே நகரும். கைரோவுக்குள் அப்படி ஒரு சக்கரம், பல மாடல்களில் நிமிடத்துக்குப் 10,000 சுற்றுக்கு மேல் ஓடும். பூமி மணிக்கு 15 டிகிரி உருளுவதால் சக்கரத்தின் அச்சு மெல்லத் தலை தூக்கப் பார்க்கும். அடியில் கட்டிய எடை அதைக் கீழே இழுக்கும். அந்த இழுப்புக்குச் சக்கரம் குறுக்கே நகர்ந்து பதில் சொல்லும். அப்படி நகர்ந்து நகர்ந்து, வடக்கைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, ஆட்டம் அடங்கி, கடைசியில் உண்மை வடக்கில் நிற்கும். காந்த வடக்கில் அல்ல, பூமி சுழலும் அச்சின் வடக்கில். கழித்தல் கூட்டல் கிடையாது, சுற்றி எவ்வளவு இரும்பு இருந்தாலும் அதற்குக் கவலையும் கிடையாது.

இந்தக் கருவி பிறந்த கதை கொஞ்சம் வேடிக்கையானது. ஹெர்மான் அன்ஷூட்ஸ்-கேம்ப்ஃபே என்ற ஜெர்மானியர் நீர்மூழ்கியில் பனிக்கு அடியில் புகுந்து வட துருவத்துக்கே போக ஆசைப்பட்டார். இரும்புக் கூட்டுக்குள் காந்த ஊசி உதவாது என்று 1904இல் கைரோவுக்குக் காப்புரிமை வாங்கினார். 1908 வாக்கில் ஜெர்மன் போர்க்கப்பலில் அது வேலை செய்தது. அமெரிக்காவில் எல்மர் ஸ்பெர்ரி தன் கருவியை 1911இல் போர்க்கப்பலில் ஏற்றினார். இருவருக்கும் நடந்த காப்புரிமை வழக்கில் நிபுணராகக் கருத்துச் சொன்னவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன். வேடிக்கை இதோடு முடியவில்லை. துருவத்துக்குப் போவதற்காகச் செய்த கைரோ, துருவத்துக்குப் பக்கத்தில் போகப் போக வடக்கைத் தேடும் பலத்தை இழக்கும்.

இதை அவனிடம் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கைரோ நன்றாக வேலை செய்வது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில். காந்தக் காம்பஸ் நன்றாக வேலை செய்வது காந்த மத்திய ரேகைக்குப் பக்கத்தில். இரண்டும் நம் ஊருக்குப் பக்கத்தில்தான் ஓடுகின்றன! 1963இல் தும்பாவில் ராக்கெட் தளம் போட்டதே காந்த மத்திய ரேகை அங்கே போகிறது என்பதால்தான். திருநெல்வேலியில் புவிகாந்த ஆய்வுக்கூடம் இருப்பதும் அதே காரணத்துக்காக. இந்தக் கோட்டுக்கு அருகில் பூமியின் காந்தக் கோடுகள் ஏறக்குறைய தரைக்குப் படுக்கையாகவே ஓடுகின்றன. ஊசியைத் திருப்புகிற பலம் அந்தப் படுக்கைப் பங்கில்தான் இருக்கிறது. லண்டனில் அது சுமார் 20,000 நானோடெஸ்லா, நம் கடலில் சுமார் 40,000. அதே படகை, அதே எஞ்சினோடு, அங்கே கொண்டுபோய் விட்டால் படகின் இரும்பில் ஏறி நிலைத்துவிட்ட காந்தத்தால் வரும் தவறு இரட்டிப்பாகும். படகு சாயும்போது வரும் தவறும், செங்குத்து இரும்பால் வரும் தவறும் இங்கே மிகக் குறைவு. அந்தச் செங்குத்து இரும்பின் தவறைப் போக்கப் பெரிய கப்பலின் காம்பஸுக்கு முன்னால் நட்டு வைத்திருக்கும் ஃபிளிண்டர்ஸ் கம்பிக்கு நம் தென்கடலில் அநேகமாக வேலையே இல்லை.

உலகத்தில் காந்தக் காம்பஸை நம்பி ஓடுவதற்கு இதைவிடத் தோதான கடல் அதிகம் கிடையாது. இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் நாம் லட்சங்களைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறோம்.

கைரோவின் பக்கத்தையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ராடார், தானியங்கிச் சுக்கான், மற்ற கப்பல்களுக்கு நம் இடத்தைச் சொல்லும் ஏஐஎஸ், மின்னணு வரைபடம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே திசையை நொடிக்கு நொடி அனுப்பும். அலையில் தட்டு ஆடாது. கலங்கரை விளக்கத்துக்குக் குறி பிடித்தால் பத்தில் ஒரு டிகிரி வரை படிக்கலாம். உலகக் கப்பல் பாதுகாப்பு விதியான சோலாஸ், 500 மொத்த டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பலில் கைரோவோ, காந்தம் இல்லாமல் திசை காட்டும் வேறொன்றோ கட்டாயம் என்கிறது. அதே விதி, எந்த அளவுக் கப்பலானாலும் காந்தக் காம்பஸோ, கரண்டு இல்லாமல் திசை காட்டும் வேறொன்றோ இருந்தே ஆக வேண்டும் என்றும் சொல்கிறது. மீன்பிடிப் படகுகளுக்கு விதி அந்தந்த நாட்டின் கையில். இருந்தாலும் அந்த வரிசையைக் கவனியுங்கள். கைரோ பெரிய கப்பலுக்கு மட்டும், காந்தம் எல்லோருக்கும்.

ஏன் என்பதை நான் அனுபவத்தில் படித்தேன். பெயர் வேண்டாம், ஒரு பழைய சரக்குக் கப்பல், நடுக்கடல், இரவு. ஜெனரேட்டர் நின்று விளக்கெல்லாம் அணைந்தது. கைரோவுக்கென்று பேட்டரி மாற்று இருக்க வேண்டும், அன்று அது செத்துக் கிடந்தது. கரண்டு போனதும் கைரோ உடனே கவிழ்ந்துவிடாது, சக்கரம் வேகம் குறைந்துகொண்டே சில நிமிஷம் ஓடும். அதுதான் மோசம். தட்டு நிற்பது மாதிரியே இருந்து மெல்ல நழுவுகிறது, பார்ப்பவனுக்குக் கப்பல் திரும்புகிற மாதிரி தெரிகிறது, நான் சுக்கானை எதிர்ப்பக்கம் கொடுக்கிறேன். அதிகாரி மேலே காந்தக் காம்பஸைக் காட்டும் குழாயில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கத்தினார். 20 டிகிரி வெளியே போயிருந்தோம். எஞ்சினை ஓட்ட அரை மணியில் வழி செய்துவிட்டார்கள். கைரோ ஆட்டம் அடங்கி நம்பும்படி ஆக விடியற்காலை ஆகிவிட்டது. அதுவரை அந்தக் குழாயைப் பார்த்தே ஓட்டினேன். கழுத்து வலி இரண்டு நாள் இருந்தது.

சக்கரம் வைத்த கைரோ நின்று எழுந்தால் நிலைக்க நாலைந்து மணி நேரம் எடுக்கும். கரையில் எஞ்சினை அணைத்து, மறுநாள் விடியுமுன் கிளம்புகிற மீன்பிடிப் படகுக்கு இது எப்படிப் பொருந்தும்? இரவெல்லாம் பேட்டரியில் ஓட விட வேண்டும், இல்லையென்றால் கடலில் பாதி தூரம் போன பிறகுதான் அது உண்மை பேசும். இதோடு பராமரிப்பு. உள்ளே கோளம் மிதக்கும் திரவத்தைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும், கோளத்துக்கே ஆயுள் உண்டு. பழைய கப்பலில் கழட்டியதென்றால் அந்த ஆயுளில் எவ்வளவு மிச்சம் என்று விற்பவனுக்கே தெரியாது. உதிரி கிடைத்தாலும் அதைத் திறந்து பார்க்கிற ஆள் மூக்கையூரில் இல்லை. கால்வாசி விலையில் வருவது முக்கால்வாசி இல்லாத கைரோ. ஒளிநார் வைத்த புதுவகைக் கைரோவில் சுழல்கிற சக்கரம் கிடையாது, நிமிஷக் கணக்கில் தயாராகும். ஆனால் அதன் விலைக்குப் படகின் பங்கில் இன்னொரு பங்கே வாங்கிவிடலாம்.

கைரோவும் தவறே செய்யாதது அல்ல. வடக்கு தெற்காக ஓடும்போது படகின் சொந்த ஓட்டம் பூமியின் சுழற்சியோடு கலந்து ஒரு சின்னத் தவறு வரும். நம் அட்சரேகையில் மணிக்கு 8 கடல் மைல் வேகத்தில் நேர் வடக்கே போனால் அரை டிகிரி. கிழக்கு மேற்காக ஓடினால் ஒன்றுமில்லை. அரை டிகிரிக்கு யாரும் அழமாட்டார்கள், சும்மா சொன்னேன்.

இங்கே அவன் குறுக்கே வந்தான். "ஜிபிஎஸ்தான் இருக்கே மாமா, அதுல அம்புக்குறி காட்டுதே, பிறகு எதுக்கு இதெல்லாம்?"

நியாயமான கேள்வி. சாதாரண ஜிபிஎஸ் காட்டுவது படகு *நகர்கிற* திசை, அணியம் *பார்க்கிற* திசை அல்ல. வாடைக் காலத்தில் நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளும்போது இரண்டும் 20 டிகிரிகூட வேறுபடும். எங்கே போய்ச் சேருவோம் என்பதற்கு ஜிபிஎஸ்ஸின் திசைதான் சரி, அதில் சந்தேகமில்லை. ஆனால் படகு நின்றுவிட்டால் அந்த அம்புக்குறி பைத்தியம் பிடித்த மாதிரி சுற்றும். சூரைக்கு ஆயிரங்கால் தூண்டில் விட்டுவிட்டு எஞ்சினை அணைத்து மிதக்கிறவனுக்கு, இருட்டில் எந்தப் பக்கம் அணியம் இருக்கிறது என்று சொல்ல அதனால் முடியாது. சுக்கான் பிடிப்பதற்கும் அது பின்தங்கித்தான் வரும். நீங்கள் திருப்பிய பிறகு, படகு நகர்ந்த பிறகு, அது யோசித்துச் சொல்லும்.

இதற்குத்தான் செயற்கைக்கோள் காம்பஸ் என்று ஒன்று வந்திருக்கிறது. ஒரே கூட்டுக்குள் இரண்டு மூன்று ஆன்டெனா. ஒரே செயற்கைக்கோளின் அலை ஒவ்வொன்றையும் வந்து சேர்வதில் உள்ள நுண்ணிய வித்தியாசத்தை வைத்து அணியத்தின் திசையையே கணக்கிடும். நின்றாலும் காட்டும், இரும்பைப் பொருட்படுத்தாது, ஓரிரு நிமிஷத்தில் தயார், அரை டிகிரி, ஒரு டிகிரிக்குள் துல்லியம். தானியங்கிச் சுக்கானுக்கும் ராடாருக்கும் திசையை ஊட்டும். விலை லட்சங்களில்தான், ஆனால் புதுக் கைரோவை வைத்துப் பார்த்தால் சின்னத் தொகை. குறை என்ன? கரண்டு வேண்டும், திறந்த வானம் வேண்டும், சிக்னல் குழம்பினால் இதுவும் குழம்பும். ஜிபிஎஸ்ஸும் செயற்கைக்கோள் காம்பஸும் ஒரே கிணற்றுத் தண்ணீர். ஒன்று வற்றினால் மற்றதும் வற்றும். ஒன்றுக்கு ஒன்று காவல் என்று நினைக்கக் கூடாது.

என் தீர்ப்பு எளிது. இந்தப் படகுக்குக் கைரோ வேண்டாம், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். இருக்கிற காந்தக் காம்பஸைச் சீர்செய்வதுதான் முதல் செலவு, அதுவும் சில ஆயிரத்தில் முடிகிற செலவு. இரண்டு சீசன் சூரை கைகொடுத்து, பல நாள் தங்கலுக்குத் தானியங்கிச் சுக்கான் வைக்கிற நிலை வந்தால், அப்போது செயற்கைக்கோள் காம்பஸ் ஒன்று மாட்டலாம். மரப்படகும் ஃபைபர் வள்ளமும் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே தேவையில்லை: காந்தம் போதும், எஞ்சினுக்குத் தள்ளி வையுங்கள். பாம்பன் கால்வாயில் நுழையும்போது எந்தக் காம்பஸும் உதவாது, அங்கே கண்ணும் குறியும் அனுபவமும்தான்.

பழைய காம்பஸ் வாங்குகிறவர்கள் கடையிலேயே இரண்டு விஷயம் பார்க்கலாம். கண்ணாடிக்கு அடியில் குமிழி இருந்தால் திரவம் கசிகிறது. ஒரு காந்தத்தைக் காட்டித் தட்டைப் பத்து டிகிரி இழுத்து, காந்தத்தைத் தூரமாக எடுத்துவிடுங்கள். தட்டு பழைய எண்ணிலேயே வந்து நிற்க வேண்டும். ஒரு டிகிரி, இரண்டு டிகிரி தள்ளி நின்றால் தட்டைத் தாங்கும் நடுமுள் தேய்ந்துவிட்டது, வேண்டாம்.

சீர்செய்வது எப்படி என்பதைச் செய்தே காட்டினேன். துறைமுகங்களில் காம்பஸ் சரிபார்க்கிறவர்கள் கப்பலில் ஏறி வேலை செய்வதைப் பலமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தடைக்காலம் முடிந்த முதல் ஓட்டத்தில், கடல் அமைதியாக இருந்த காலையில், ராமேஸ்வரம் தீவுக்குத் தெற்கே ஆறு கடல் மைல் வெளியே போனோம். ராமேஸ்வரம் டிவி கோபுரம் 323 மீட்டர் உயரம், அங்கிருந்து குச்சி மாதிரி தெளிவாகத் தெரியும். அவ்வளவு தூரத்தில் படகு நூறு மீட்டர் நகர்ந்தாலும் கோபுரத்தின் திசை அரை டிகிரிதான் மாறும், அதனால்தான் தள்ளிப் போவது. ஜிபிஎஸ் திரையில் படகிலிருந்து கோபுரத்துக்கு உண்மைத் திசை 008. மேற்கே 2 டிகிரியைச் சேர்த்தால் காந்தக் கணக்கில் 010. காம்பஸ் தட்டின் மேல் இரண்டு பித்தளை ஊசி நட்ட பலகை வைத்து, படகை 45 டிகிரிக்கு ஒருமுறை நிறுத்தி, எட்டுத் திசையிலும் கோபுரத்தைக் குறி பார்த்தோம். வித்தியாசம்தான் படகின் தவறு. அணியம் வடக்கே இருந்தபோது 4 டிகிரி, கிழக்கே இருந்தபோது 7. தென்மேற்கே அணியம் இருந்தபோது தட்டு 021 என்றது, அதாவது 11 டிகிரி மேற்கே. எஞ்சினும் விளக்கும் ராடாரும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், கடலில் எப்படி ஓடுமோ அப்படித்தான் அளக்க வேண்டும்.

பெட்டியின் பக்கங்களில் சரிசெய்யும் காந்தங்களுக்கு இரண்டு திருகு உண்டு. வடக்கு நோக்கி நின்று குறுக்குக் காந்தத்தைத் திருப்பித் தவறைப் போக்கினோம். கிழக்கு நோக்கி நெடுக்குக் காந்தத்தை. பிறகு தெற்கிலும் மேற்கிலும் மிச்சத்தில் பாதி. பித்தளை ஸ்க்ரூடிரைவர்தான் வேண்டும், இரும்பு கொண்டு போனால் அளக்கிற தட்டையே கலைத்துவிடும். மறுபடி எட்டுத் திசையும் சுற்றி எழுதினோம். அதிகம் என்றால் 3 டிகிரி. அந்த எட்டு எண்ணையும் ஒரு அட்டையில் எழுதி, லேமினேட் செய்து, சுக்கானுக்கு முன்னால் ஒட்டச் சொன்னேன். வின்ச்சை மாற்றினால், வெல்டிங் வைத்தால், மறுபடி சுற்ற வேண்டும்.

நடுநடுவே சரிபார்க்கக் காசு செலவழிக்க வேண்டாம். நம் கரையில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 9 டிகிரிதான் உயரம், கையை நீட்டி முஷ்டி பிடித்தால் கிட்டத்தட்ட அந்த அளவு. உண்மை வடக்கிலிருந்து அது முக்கால் டிகிரிகூட விலகாது. சூரியனும் உண்டு: மார்ச், செப்டம்பர் 20 தேதிகளை ஒட்டி நேர் கிழக்கே 090இல் எழும். ஜூன் கடைசி வாரம் 066, டிசம்பர் கடைசி வாரம் 114. நம் அட்சரேகையில் சூரியன் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக ஏறுவதால் கொஞ்சம் தாமதமாகப் பார்த்தாலும் பெரிய பிசகு வராது. இந்த உண்மைத் திசை எண்ணில் 2 டிகிரியைக் கூட்டி, தட்டு காட்டுவதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை அட்டையோடு ஒப்பிட்டால் போதும்.

கரைக்குத் திரும்புகையில் ஸ்ராங்கு அட்டையை ஒருமுறை, தட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டே ஓட்டினார். கைரோக்காரன் போனில் மறுபடி கூப்பிட்டான், விலையை இன்னும் இறக்கினான். அக்கா மகன் வேண்டாம் என்று வைத்துவிட்டு, கீழே உருண்டுகொண்டிருந்த ஸ்பீக்கரைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"சரி மாமா, இத எங்க மாட்டுறது?"